பாரிமுனையில் நின்ற குதிரை

நேயர்களுக்கு வணக்கம். புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். காட்ட வழியில்லை, வாயால்தான் காட்ட வேண்டும்.

தடித்த அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கல்லூரி முடித்த புதிதில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கினேன். அந்த மார்க்கெட்டே 1985-இல் எரிந்து போயிற்று. படத்தில் இருப்பது சென்னையின் இன்றைய ராஜாஜி சாலை. வலப்பக்கம் தூண் வைத்த கட்டடங்கள். இடப்பக்கம் சாலை முடிந்ததும் மணல், மணல் முடிந்ததும் அலை. கரையில் மசுலாப் படகுகள், பலகைகளைக் கயிற்றால் தைத்த அலைப் படகுகள்.

எந்த வருஷம் என்று எங்கும் எழுதியில்லை. இப்படிப்பட்ட படம் கிடைத்தால் நான் முதலில் தேடுவது கலங்கரை விளக்கத்தை. இதில் தூரத்தில் 1844-இல் கட்டிய கலங்கரை விளக்கமான கல்தூண் மட்டும் தனியாக நிற்கிறது, உயர்நீதிமன்றம் இல்லை. நீதிமன்றம் திறந்தது 1892-இல். இரண்டு வருஷத்தில் விளக்கும் அதன் கோபுர உச்சிக்கு ஏறிவிட்டது. அடுத்து தரையைப் பார்ப்பேன். டிராம் ஓடினால் 1895-க்கும் 1953-க்கும் நடுவே. பக்கத்தில் பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸும் தெரிந்தால் 1940-க்கு முன்னால் போகாது. என் படத்தில் துறைமுகச் சுவர்கூட இல்லை. அந்த வேலை 1870-களில் தொடங்கியது. அதற்கப்புறம் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று அதே இடத்தில் நின்றால் லாரி தெரியும், கடல் தெரியாது.

"அந்தக் காலத்தில் எவ்வளவு அமைதி, ஆளே இல்லை பாருங்கள்" என்பார்கள் படத்தைப் பார்ப்பவர்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஒரு பூதக்கண்ணாடியை வையுங்கள். ஓரமாக ஒரு வண்டிக் குதிரை. நான்கு கால்களும் குளம்பு வரை துல்லியம். தலையை மட்டும் காணோம், ஒரு புகைதான் இருக்கிறது. ஈ விரட்டியிருக்கும். ஈர மருந்து பூசிய கண்ணாடித் தட்டில் படம் பிடித்த அன்றைய ஈரத்தட்டுக் காமிராவின் மூடியைச் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர்கள் யாரும் தட்டில் தங்கவில்லை. சாலை நெடுக மெல்லிய கறை போலத் தெரிகிறதே, கூலிகளும் கூடைக்காரிகளும் குமாஸ்தாக்களும் அதுதான்.

அந்தக் கல்தூணைச் சுற்றி வெறும் மைதானம். இது காமிராவின் வேலை அல்ல. அங்கே ஒரு ஊரே இருந்தது, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம். 1746-இல் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், எதிரி மறைந்து சுட இடம் தரக்கூடாது என்று கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இதற்குள் கட்டடம் கூடாது என்று 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சிய ஒன்று டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்!

அந்த ஊரைப் படமெடுக்க அப்போது உலகில் காமிராவே கிடையாது. 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது அதன் வடக்கே வளர்ந்த புது ஊருக்கு. சென்ன கேசவப் பெருமாள் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவுக்குக் குடிபோனார். அவருடைய பழைய கோயில் இருந்தது, என் படத்தில் குதிரைக்குப் பின்னால் தெரிகிற அந்த வெறும் மண்ணில்.