ரெண்டு பேப்பர் கனத்தில் ஒரு ராக்கெட் இன்ஜின்

(காட்சி: திருநகரில் ஒரு மொட்டை மாடி. பின்னால் திருப்பரங்குன்றம் மலை.)

வணக்கம். 2013-ல் கிளம்பிய மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் எரிபொருள் மட்டுமே 852 கிலோ. அறிவியல் கருவிகள் எல்லாம் சேர்த்தே சுமார் 15 கிலோதான்! விண்வெளிப் பயணத்தின் தலைவலியே இதுதான்.

ராக்கெட் எதையாவது பின்னால் வீசித்தான் முன்னால் போகிறது. எவ்வளவு வேகமாக வீசுகிறதோ, அவ்வளவு குறைவான எரிபொருள் போதும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்தாலும் நொடிக்கு நாலரை கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். வேதிவினையில் இருக்கிற சக்தியே அவ்வளவுதான்.

சரி, எரிக்காமல் மின்சாரத்தால் வீசினால்?

(காட்சி: அயனி இன்ஜின் வரைபடம்.)

செனான் வாயுவின் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டால் அது அயனி. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உள்ள சல்லடைத் தகடுகள் அதை இழுத்து, நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். வெளியே ஒரு சின்னக் குழாய், தட்டிவிட்ட எலக்ட்ரான்களை அந்த அயனிகளோடு திரும்பச் சேர்த்துவிடும். அது இல்லையென்றால் விண்கலத்திலேயே மின்னூட்டம் ஏறி, வீசிய அயனிகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

(காட்சி: விரித்த உள்ளங்கையில் ஏ4 தாள்.)

ஜெராக்ஸ் கடையில் வாங்கிய சாதாரணத் தாள், ஒன்று ஐந்து கிராம்கூட வராது. இப்போது இரண்டு வைத்திருக்கிறேன். கையில் தெரிகிற இந்த அழுத்தம்தான் நாசாவின் டான் கலத்து இன்ஜினின் முழு விசை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே அதற்கு நான்கு நாளாகும்.

ஆனால் நிறுத்தாமல் தள்ளும். 2007-ல் 425 கிலோ செனானோடு கிளம்பிய டான், மொத்தமாக ஐந்து வருடத்துக்கு மேல் இன்ஜினை ஓட்டி, தன் வேகத்தை நொடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் மாற்றிக்கொண்டது. 2011-ல் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து கிளம்பி 2015-ல் சீரீஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியது. வேறு எந்தக் கலமும் இப்படி இரண்டு சிறு உலகங்களைச் சுற்றியதில்லை.

தரையிலிருந்து கிளம்ப இது உதவாது. அதற்கு நெருப்புதான். மதுரையிலிருந்து நாகர்கோவில் போகும் நாலுவழிச் சாலையில், காவல்கிணறு பக்கம் இருக்கிற மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் இன்ஜின்களுக்கு வேலை போகாது, கவலை வேண்டாம். மேலே போன பிறகுதான் அயனியின் ஆட்டம். 2017-ல் ஏவிய ஜிசாட்-9-லேயே இஸ்ரோ மின் உந்துவிசையைப் பொருத்திவிட்டது.

அப்புறம், எதையுமே வீசாமல் ஓடும் என்று சொன்ன எம்டிரைவ் என்ற இன்ஜின். 2021-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் துல்லியமாக அளந்தார்கள். விசையே இல்லை. யூடியூபில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

மனிதர்கள் போக? அணு உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கி வீசும் இன்ஜினை அமெரிக்கா 1960-களிலேயே தரையில் ஓட்டிப் பார்த்து, 1973-ல் கைவிட்டது. டிராகோ என்ற பெயரில் மறுபடி எடுத்த திட்டமும் 2025-ல் ரத்து. அதனால் என் கணிப்பு: செவ்வாய்க்குச் சோறும் தண்ணீரும் அயனி இன்ஜினில் மெதுவாக முன்னால் போகும். ஆட்கள் இன்னும் கொஞ்ச காலம் பழைய நெருப்பில்தான், ஏழெட்டு மாதம் உட்கார்ந்து போகவேண்டும்.