ரோடு திறந்தாச்சு, ஆனால் எனக்கு இல்லை

காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்குக்கு என் சாக்ஸைத்தான் மாட்டியிருக்கிறேன். இது தார்ச்சா. மணாலியிலிருந்து லே போகும் சாலையில் போலீஸ் செக்போஸ்ட் உள்ள இடம். காலை ஐந்தரைக்கே வந்துவிட்டேன். தடுப்புக் கம்பி இன்னும் ஏறவில்லை.

ரோடு திறந்துவிட்டது என்று செய்தி பார்த்த அன்றே டிக்கெட் போட்டவன் நான். தப்பு என்மேல்தான். எல்லைச் சாலைகள் அமைப்பு, அதுதான் பி.ஆர்.ஓ., மணாலி பக்கமிருந்தும் லே பக்கமிருந்தும் பனியை வெட்டிக்கொண்டே வரும். இரண்டு கூட்டமும் சந்தித்தால் அது திறப்பு. 2023இல் மார்ச் 25ஆம் தேதியே, பனிக்காலத்துக்கு மூடி 138 நாளில் திறந்துவிட்டார்கள். ஆனால் முதலில் ராணுவ வண்டிகள், அப்புறம் சங்கிலி கட்டிய ஃபோர் வீல் டிரைவ். பைக்காரனெல்லாம் வரிசையில் கடைசி.

"அடல் சுரங்கம்தான் வந்தாச்சே, இன்னும் எதற்கு மூடுகிறார்கள்?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். 2020 அக்டோபரில் வந்த அந்த 9 கிலோமீட்டர் சுரங்கம் ரோத்தாங் கணவாயை மட்டும்தான் தவிர்க்கிறது. ரோத்தாங் உயரம் 3,978 மீட்டர். இங்கிருந்து மேலே பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்) கிட்டத்தட்ட 4,900. அதற்கப்புறம் லாச்சுங் லா, தங்லாங் லா, இரண்டும் 5,000க்கு மேல். அங்கேயெல்லாம் சுரங்கம் கிடையாது, பனிதான்.

ரோடு திறந்த பிறகும் நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். காரணம் போன தடவைதான் எனக்குப் புரிந்தது. பாரலாச்சா ஏற்றத்தில் விடியற்காலை தார் ரோடு லேசாக ஈரமாக இருக்கிறது என்று நினைத்தேன். முந்தின நாள் உருகி ஓடிய தண்ணீர் ராத்திரி கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்திருக்கிறது. பிரேக் தொட்டதும் பைக் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனது! முழங்கை மட்டும்தான் சிராய்த்தது. வெயில் ஏறி அது கரையட்டும் என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் அடுத்த வம்பு. மேலே உருகுவதெல்லாம் மதியத்துக்கு மேல் ஓடையாக ரோட்டைக் குறுக்கே வெட்டும். காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீரில் மூன்று மணிக்கு சைலன்சர் முழுகியது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம்தான் நம் ரோடு.

இன்னொன்று, பரத்பூர், சர்ச்சு, பாங்கில் கூடாரக் கடைகள் வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்தப் பக்கம் சாப்பாடு, படுக்கை, அவசரத்துக்கு ஆள், எல்லாமே அந்தக் கூடாரங்கள்தான். டீசல் ஏற்றிய லாரி போய்வருகிறதா என்பதைவிட எனக்கு அதுதான் நம்பகமான திறப்புச் செய்தி.

இருங்கள், மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்குகிறது. டயரில் சங்கிலி, கதவு வரை சேறு. ஓடை எப்படி இருக்கிறது என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.