பாலி ஷார்ட்ஸ் உச்சியில் ஒரு கயிறு

வணக்கம் நேயர்களே.

இந்த வாரம் டர்பனில் எங்கே திரும்பினாலும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிய பேச்சுதான். காய்கறிக் கடையில் தக்காளி நிறுக்கிறவர்கூட, "ஞாயித்துக்கிழமை வெயில் எப்படி இருக்குமாம்?" என்று என்னைக் கேட்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியாது. விடியுமுன் அவர் கடை வாசலைத் தாண்டி ஓடுகிற அக்கா என்று மட்டும் தெரியும்.

நான் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 58. காம்ரேட்ஸில் முதலில் வருகிறவர் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்துவிடுகிறார். எனக்கு பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டாவது ஆறு மணி நேரத்தில் சாலையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஓட்டத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கடலிலிருந்து மேட்டுக்குப் போனால் மேல் ஓட்டம், மேட்டிலிருந்து கடலுக்கு வந்தால் கீழ் ஓட்டம். முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய விக் கிளாஃபம் என்ற ரயில் என்ஜின் டிரைவர், திரும்பாத தோழர்களின் நினைவாக இதைத் தொடங்கினார். 1921 மே 24 அன்று கிளம்பியவர்கள் 34 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர். என் தாத்தா அதே ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். "தண்டவாளம் மேட்டைச் சுத்திக்கிட்டுப் போகும், இவங்க நேரா ஏறுறாங்களே" என்று வியந்து வியந்து சொல்வாராம்.

நான் சிறுமியாக இருந்தபோது காம்ரேட்ஸ் மே 31-ஆம் தேதி நடக்கும். அப்போது அது குடியரசு நாள் விடுமுறை. அப்பா எங்களை பைன்டவுன் பக்கம் கூட்டிப்போவார். அம்மா ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு கறி வைத்துச் சுருட்டித் துணியில் கட்டித் தருவார். ஒரு வாளி நிறைய ஆரஞ்சுத் துண்டுகள். ஓடுகிறவர்களுக்கு நீட்டுவோம், வாங்கிக்கொண்டு போவார்கள். சாலையோரம்தான் நமக்கு விட்ட இடம். 1921 முதல் 54 வருஷம், வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டுமே, நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடுகிற எண்ணை அதிகாரப்பூர்வமாகக் கொடுத்தார்கள்.

எண் இல்லாமலும் சிலர் ஓடினார்கள். 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் ஓடி, 11 மணி 35 நிமிஷத்தில் முடித்தார். 1935-ல் ராபர்ட் முட்ஷாலி என்ற கறுப்பின மனிதர் ஒன்பதரை மணி நேரத்தில் முடித்தார். அவர் ஓடியது கணக்கில் ஏறவில்லை. 2019-லிருந்து, ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடிக்கிறவர்களுக்குத் தரும் பதக்கம் அவர் பெயரில் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்த மரியாதை. ஆனாலும் வந்ததே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1975-ல்தான் பெண்களுக்கும் எல்லா இனத்து ஆண்களுக்கும் கதவு திறந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாரும்மா, நெஞ்சுல நம்பர் குத்திக்கிட்டு ஓடுறாங்க பாரு" என்று காட்டினார். ஓடினவர் யார் என்பது எனக்கு நினைவில்லை. அப்பாவின் கை அழுத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

அந்த அப்பாவைச் சர்க்கரை வியாதி எடுத்துக்கொண்டது. கால் விரலில் தொடங்கி முழங்கால்வரை வெட்டி எடுக்கவேண்டியதாயிற்று. நம் வீடுகளில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. அடுத்த வருஷம் என் இரத்தத்திலும் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, நடக்க ஆரம்பித்தேன். எனக்கு 45 வயது. நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. தெருவில் சில மாமிகள், "இந்த வயசுல, இந்த உடுப்புல, ரோட்டுல" என்று பேசினார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று என்னோடு ஓடுகிறார்கள்.

இருட்டில் தனியாக ஓடாதீர்கள், பெண்களே. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்துதான் கிளம்புவோம்.

2013-ல் காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுத்தேன். மேல் ஓட்டம். டர்பன் நகர மண்டபத்தின் முன்னால் இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நிற்கிறோம். சுரங்க வேலைக்கு ரயிலேறி வந்த தொழிலாளிகள் பாடிய பழைய பாட்டு ஒன்றை எல்லோரும் பாடுவார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேத்தி நான். பாட்டின் வார்த்தை பாதிதான் எனக்குப் புரியும், ஆனால் பாடினேன். பிறகு சேவல் கூவும். 1948-ல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் பதற்றம் தாங்காமல் சேவல் மாதிரிக் கூவினாராம். அந்தக் குரலைப் பதிவு செய்து வைத்து இன்றும் ஒலிபரப்புகிறார்கள். சேவல் கூவினதும் வெடி.

அன்று நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்லமுடியும். கௌவீஸ் ஹில் மேட்டை ஓடியே ஏறினேன். அடுத்து ஃபீல்ட்ஸ் ஹில்லையும் ஓடியே ஏறினேன். மக்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எண்ணோடு பெயரும் அச்சாகியிருக்கும். அந்தக் குரல்களுக்காக வேகமாக ஓடினேன். வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தண்ணீர் மேசைகள். பயத்தில் ஒவ்வொன்றிலும் நின்று இரண்டு மூன்று பைத் தண்ணீர் குடித்தேன். டிரம்மண்டில் பாதி தூரம். அங்கே எனக்குப் பெருமைதான். இன்சாங்கா மேட்டில் பெருமை போயிற்று. கேம்பர்டௌனில் வயிறு உப்பி, தலை கனத்து, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது.

இதை நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் உயிர் விஷயம். நீண்ட ஓட்டத்தில் தண்ணீர் குறைந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கி, மயக்கமும் வலிப்பும் வரும். 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனது. அதை ஆராய்ந்து, 1985-ல் மருத்துவ இதழில் எழுதினவர்கள் கேப்டவுனைச் சேர்ந்த டிம் நோக்ஸும் அவர் கூட்டாளிகளும். வேகமாக ஓடுகிறவருக்கு இந்த ஆபத்து குறைவு, அவருக்குக் குடிக்க நேரமே இல்லை. என்னைப் போல மெதுவாக, மேசைக்கு மேசை நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், அவ்வளவுதான். வலி மாத்திரையை ஓட்டத்தின் நடுவே விழுங்கவே விழுங்காதீர்கள். சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

கடைசிப் பெரிய மேடு பாலி ஷார்ட்ஸ். மாரிட்ஸ்பர்க் மைதானத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. முழு மேட்டையும் நடந்தே ஏறினேன், பக்கத்தில் போன ஒரு ஸூலுப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு. உச்சியில் சாலைக்குக் குறுக்கே கயிறு பிடித்திருந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டுவதற்கு வைத்த கெடு, கட்-ஆஃப், முடிந்து நாலு நிமிஷம். கயிறு பிடித்திருந்த பையன் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். மீட்பு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அம்மா மைதானத்தில் இருட்டும்வரை காத்திருந்தார்.

அன்றிரவு எனக்கு ஆயா நினைவு வந்தது, என் அப்பாவின் அம்மா. உம்கேனி ரோடு கோயிலில் வருஷம் தவறாமல் காவடி எடுத்தவர். பத்து நாள் விரதம், தரையில் படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. "காவடியைப் பத்தாம் நாள் தூக்குறதில்ல கண்ணு. மொத நாளே தூக்கியாச்சு" என்பார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையில் தூக்கப் பார்த்திருக்கிறேன், அதுதான் நடந்தது.

அடுத்த ஜனவரியிலிருந்து மே வரை ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் கிளப்பில் ஒரு அண்ணன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஓட்டத்துக்கு மொத்த அவகாசம் பன்னிரண்டு மணி நேரம், அதாவது 720 நிமிஷம். 89 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். இது பயங்கரமான வேகம் இல்லை. ஆகவே ஒன்பது நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. முதல் கிலோமீட்டரிலிருந்தே, காலில் வலு இருக்கும்போதே நடக்கவேண்டும். களைத்த பிறகு நடக்கிற நடை ஓய்வாக இருக்காது. இதைச் செய்ய மனசு ஒப்பாது. எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். விட்டுவிடுங்கள். அவர்களில் பாதிப் பேரைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்ப்பீர்கள்.

சாப்பாட்டையும் பயிற்சியிலேயே பழக்கினேன். வழியில் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுப்பார்கள், அது எனக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. கூடவே அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய், காகிதத்தில் மடித்த இரண்டு துண்டு. எழுபதாவது கிலோமீட்டரில் தித்திப்பு எதுவும் வாயில் வைக்கமுடியாதபோது அதன் உப்பும் புளிப்பும் உயிர் கொடுக்கும். கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு தரவேண்டும். அந்த மூன்று வாரம்தான் எனக்கு மிகவும் கஷ்டம்.

2014 கீழ் ஓட்டம். இறக்கம்தானே, சுலபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு அடியிலும் அதன் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். கீழ் ஓட்டம் முடித்தவர்கள் ஒரு வாரம் மாடிப்படியில் முதுகு காட்டித்தான் இறங்குவார்கள்.

இன்சாங்கா பக்கம் எதெம்பெனி பள்ளிக் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும், சிலர் பார்வை இல்லாமல், கைகளை நீட்டிக்கொண்டு. ஒவ்வொரு கையையும் தொட்டேன். அதற்கு ஆன நிமிஷங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. போத்தாஸ் ஹில்லுக்கு முன்னால் மண் சரிவில் ஒரு பள்ளம், ஆர்தர் இருக்கை. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவாராம். ஓடுகிறவர்கள் பூ வைத்து "குட் மார்னிங் ஆர்தர்" என்று சொல்லிப் போவார்கள். நான் செம்பருத்தி வைத்தேன். எல்லைச்சாமிக்குப் பூப் போட்டுவிட்டு ஊரைத் தாண்டுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

கௌவீஸ் ஹில் அருகே ஒரு பஸ்ஸில் சேர்ந்துகொண்டேன். சக்கரம் வைத்த பஸ் இல்லை. குறித்த நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஓட்டக்காரர் கூட்டத்துக்கு இங்கே பஸ் என்று பெயர், முன்னால் கொடி பிடித்து ஓடுகிறவர் டிரைவர். அவர் பாட்டுப் பாடி, எப்போது நடக்கவேண்டும் எப்போது ஓடவேண்டும் என்று கூவுவார். அதுவரை முகம் பார்த்தறியாத நூறு பேர் ஒரே மூச்சாக ஓடுகிறோம். யாராவது தடுமாறினால் இரண்டு பக்கமும் கை நீளும். மனிதர்களை நிறத்தால் பிரித்து வேறு வேறு பேட்டைகளில் குடிவைத்த ஊர் இது. சாட்ஸ்வொர்த் அப்படித்தான் உண்டானது. அந்த ஊர்ச் சாலையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் முழங்கையை நான் தாங்க, என் முதுகை ஒரு ஸூலு இளைஞன் தள்ள, நகருக்குள் இறங்கினோம்.

கிங்ஸ்மீட் மைதானத்தில் என் நேரம் 11 மணி 41 நிமிஷம். நாணயம் அளவுக்கு ஒரு செம்புப் பதக்கம், விக் கிளாஃபம் பேரில்.

பதக்கத்தோடு வீட்டுக்குப் போகாமல் கோட்டருகே நின்றேன். பன்னிரண்டு மணி நேரம் முடிகிற நொடியில் ஒருவர் கோட்டின்மேல், வருகிறவர்களுக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். அதோடு சரி. ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. இது கொடுமை என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாலு நிமிஷத்தில் இழந்தவள் நான், என் எண்ணம் வேறு. முதுகு காட்டி நிற்பதால் அவருக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது, வெள்ளையா கறுப்பா, ஆணா பெண்ணா, தெரிந்தவரா தெரியாதவரா. யாருக்கு எண் கொடுக்கலாம் என்று முகம் பார்த்துத் தீர்மானித்த 54 வருஷத்துக்குப் பிறகு, முகம் பார்க்காத அந்த முதுகை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு 2016, 2018, 2022 என்று மூன்று கீழ் ஓட்டம் முடித்தேன். மேல் ஓட்டம் பக்கம் போகவில்லை. இந்த வருஷம் மேல் ஓட்டம், பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாலையோரம் நிற்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் வேகமாகப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு உடனே பாயைச் சுருட்டிவிடாதீர்கள். மத்தியானத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்குத்தான் உங்கள் குரல் தேவை. எண்ணில் இருக்கிற பெயரை உரக்கப் படியுங்கள். ஆரஞ்சை நறுக்கி வையுங்கள், உப்பு ஒரு சிட்டிகை இருந்தால் நல்லது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று சரியாகத் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 82 வயது. இந்த முறை மைதானத்துக்கு வரமாட்டாராம். பாலி ஷார்ட்ஸ் உச்சியில், கயிறு பிடிக்கிற இடத்துக்குப் பத்தடி முன்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்காரப்போகிறாராம், ஊறுகாய்ப் பொட்டலத்தோடு. "நாலு மணிக்குள்ள வந்துடு" என்றார். சரிம்மா என்று சொல்லியிருக்கிறேன்.