கொள்ளைக்காரனின் பெயர் சட்டசபைக்கு வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஒரு சொல் ஃபிலிபஸ்டர். ஒரு மசோதா நிறைவேறக் கூடாது என்று நினைக்கும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டின் உறுப்பினர், வாக்கெடுப்புக்கு வழிவிடாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பார். அதற்குத்தான் இந்தப் பெயர் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் பேச்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கொள்ளைக்காரனின் பெயர்.

டச்சு மொழியில் 'வ்ரெய்' என்றால் கட்டற்ற என்று பொருள். 'பாய்ட்' என்றால் சூறையாடிய பொருள். எவனுக்கும் கட்டுப்படாமல் கொள்ளையடித்துப் பிழைப்பவனை வ்ரெய்பாய்ட்டர் என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ஃப்ரீபூட்டர் ஆக்கிக்கொண்டார்கள். அதே சொல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஃப்லிபுஸ்தியே ஆனது. 17ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் டோர்ட்டுகா தீவில் தளம் அமைத்து, ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்தவர்களுக்கு அந்தப் பெயர். பறிகொடுத்த ஸ்பானியர்கள் ஃபிலிபுஸ்தேரோ என்றார்கள். இந்த ஸ்பானிய வடிவம்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குள் ஃபிலிபஸ்டராக நுழைந்தது.

அப்போது அமெரிக்காவில் ஒரு புதுவகைக் கூட்டம் கிளம்பியிருந்தது. அரசாங்கத்தின் உத்தரவு எதுவும் இல்லாமல், சொந்தமாக ஆள் சேர்த்து, துப்பாக்கி வாங்கி, பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்துப் போகிறவர்கள். அவர்களில் பெரிய பெயர் வில்லியம் வாக்கர். 1824இல் நாஷ்வில்லில் பிறந்தவர். மருத்துவம் படித்தார், சட்டம் படித்தார், பத்திரிகையிலும் வேலை பார்த்தார். 1855இல் நிகராகுவா உள்நாட்டுப் போரில் சிக்கித் தவித்தது. அங்கே ஒரு தரப்பின் அழைப்பை வைத்துக்கொண்டு, அறுபது பேர்கூட இல்லாத ஒரு கூட்டத்தோடு போய் இறங்கினார். அடுத்த ஆண்டே அந்த நாட்டின் அதிபராகப் பதவியேற்றுக்கொண்டார். பதவிக்கு வந்த சில வாரங்களில், அந்த நாடு எப்போதோ ஒழித்துவிட்ட அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அவர் அதிபராவதற்கு முன்பே, பக்கத்து நாடான கோஸ்ட்டா ரிக்காவுக்கு அடுத்தது தாங்கள்தான் என்று புரிந்துவிட்டது. 1856 ஏப்ரல் 11, ரிவாஸ் நகரம். வாக்கரின் ஆட்கள் ஒரு கட்டடத்துக்குள் இருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். கோஸ்ட்டா ரிக்கப் படையில் முரசு அடிக்கும் ஜுவான் சாந்தாமரியா என்ற ஏழை இளைஞன், தீப்பந்தத்தோடு ஓடிப்போய் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தான், அங்கேயே குண்டடிபட்டு விழுந்தான் என்று அந்த நாட்டில் சொல்கிறார்கள். இன்று அந்த நாட்டின் முக்கிய விமான நிலையத்துக்கு அவன் பெயர். ஏப்ரல் 11 அங்கே தேசிய விடுமுறை. வாக்கர் 1857இல் விரட்டப்பட்டார். அப்புறமும் அடங்காமல் மறுபடி முயன்று, 1860 செப்டம்பரில் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

சரி, இந்தத் துப்பாக்கிக்காரர்களின் பெயர் எப்படிச் சபைக்குள் வந்தது? வசைச்சொல்லாகத்தான் வந்தது. 1853 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வட கரோலினாவைச் சேர்ந்த ஆபிரகாம் வெனபிள், கியூபாவைப் பிடித்துவிடத் துடிப்பவர்களைக் கண்டித்துப் பேசினார். அவருடைய கட்சிக்காரரான மிசிசிப்பியின் ஆல்பர்ட் பிரவுனுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்க்கட்சியினர் சூழ்ந்து ரசிக்க, நம் நண்பர் சபையின் அந்தப் பக்கம் நின்று ஃபிலிபஸ்டர் செய்வதைப் பார்த்தேன் என்றார். சபை நடவடிக்கையோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டதற்கு இதைத்தான் ஆரம்ப உதாரணமாகக் காட்டுவார்கள். நீண்ட பேச்சு என்ற பொருள் அதில் இன்னும் இல்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், சபையின் விதிகளைப் பயன்படுத்தி வேலையை நடக்கவிடாமல் முடக்குவதற்கு இதுவே பெயராகிவிட்டது. கப்பலை மறித்தவனின் பெயர் மசோதாவை மறிப்பவனுக்கு வந்தது.

அதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் இந்தச் சொல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கதையின் அந்தப் பகுதியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். எனக்கு இந்தச் சொல்லின் கதையில் மிக முக்கியமான இடம் அதுதான். பிலிப்பைன்ஸை அப்போது ஸ்பெயின் ஆண்டது. ஆட்சியைக் கேள்வி கேட்கிறவன், சம உரிமை கேட்கிறவன், பாதிரிமார்களை எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாரையும் ஸ்பானிய அதிகாரிகள் ஃபிலிபுஸ்தேரோ என்றார்கள். இங்கே யாரும் எந்தக் கப்பலையும் கொள்ளையடிக்கவில்லை. ஆனாலும் அந்த முத்திரை விழுந்தால் சிறை, நாடு கடத்தல், அல்லது மரணம். 1872 பிப்ரவரி 17 அன்று கோமஸ், பூர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களை மணிலாவில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அப்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்த ஹொசே ரிசால், அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது அந்த நாட்களில்தான் என்று பின்னாளில் தன் நண்பருக்கு எழுதினார். வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயால் உச்சரிக்கவே கூடாது என்று தகப்பனார் தடை போட்டிருந்தாராம்.

அந்தச் சிறுவன் வளர்ந்து கண் மருத்துவரானார், எழுத்தாளரானார். 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தன் இரண்டாவது நாவலை அச்சிட்டார். அதற்கு அவர் வைத்த பெயரே எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ. கொல்லப்பட்ட அந்த மூன்று பாதிரியார்களுக்குத்தான் அந்த நூல் காணிக்கை. வீட்டுக்குள் முணுமுணுக்கக்கூட அஞ்சிய சொல்லை அட்டையிலேயே அச்சடித்த துணிச்சலை நினைத்துப் பாருங்கள். 1896 டிசம்பர் 30 அன்று ரிசாலையும் ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

மறுபடி வாஷிங்டனுக்கு வருவோம். செனட் சபையில் இந்தத் தந்திரம் ஏன் பலிக்கிறது? விவாதத்தைப் பெரும்பான்மை வாக்கால் முடித்துவைக்க இடம் தந்த விதியை 1806இல் அந்தச் சபை கைவிட்டது. அப்படி ஓட்டை விழுந்ததை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. முதல் உலகப் போரின்போது வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவை ஒரு சிலர் பேசியே தடுத்த பிறகுதான், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் பேச்சை நிறுத்தலாம் என்று 1917இல் விதி வந்தது. லூசியானாவின் ஹூயி லாங் 1935இல் பதினைந்தரை மணி நேரம் பேசினார். அதில் சிப்பி வறுக்கும் பக்குவம்கூட இருந்தது. இதை வேடிக்கைக் கதையாகவே பலரும் சொல்லிப் போகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதைத் தடுக்கும் மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் இதே ஆயுதத்தால் வீழ்த்தப்பட்டது. அப்படி ஒரு கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில். சரியாக நூறு ஆண்டுகள்.

1957 ஆகஸ்ட் 28. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் மசோதாவை எதிர்த்துத் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் பேச எழுந்தார். முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்பிலிருந்த நீரை வற்றவைத்திருந்தார், நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டி வரக் கூடாது என்று. ஒவ்வொரு மாநிலத்தின் தேர்தல் சட்டத்தையும் வரிசையாக வாசித்தார். 24 மணி 18 நிமிடம். அவர் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் மசோதா நிறைவேறிவிட்டது.

1964இல் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்ட மசோதாவைத் தென்மாநில உறுப்பினர்கள் முறை வைத்துப் பேசி இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். ஜூன் 10 அன்று பேச்சை முடிக்கலாமா என்று வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி. வாய் பேச வராது. சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் மெல்லக் கையை உயர்த்தித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் 'ஐ', 'ஆம்' என்ற வாக்கும் 'ஐ'. ஆதரவு 71, எதிர்ப்பு 29. குடிமை உரிமை மசோதா ஒன்றில் இந்த முட்டுக்கட்டை உடைந்தது அதுவே முதல்முறை. அடுத்த மாதம் எங்கிள் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு பொருள் மறுபடி நழுவியது. 1970களில் செனட் தன் நடைமுறையை மாற்றியது. ஒரு மசோதா முடங்கிக் கிடந்தாலும் மற்ற வேலைகள் ஒரு பக்கம் நடக்கலாம் என்று ஏற்பாடு. 1975இல் பேச்சை நிறுத்தத் தேவையான பலம் 60 வாக்காகக் குறைக்கப்பட்டது. விளைவு என்னவென்றால், இப்போது எவரும் நின்று தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை. எதிர்ப்பைத் தெரிவித்தாலே போதும். 60 பேர் சேராவிட்டால் மசோதா அங்கேயே நிற்கும். ஒரு வார்த்தை பேசாமல் தடுப்பதற்கும் இன்று ஃபிலிபஸ்டர் என்றுதான் பெயர். முன்பாவது எதிர்ப்பவர் ஊரறிய நின்று தன் காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. இது நல்ல மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

2025 மார்ச் 31 மாலை நியூ ஜெர்சியின் கோரி புக்கர் எழுந்து பேசத் தொடங்கி, மறுநாள் இரவு முடித்தார். 25 மணி 5 நிமிடம். அவர் எந்த மசோதாவையும் மறிக்கவில்லை, அரசின் போக்கைக் கண்டித்துப் பேசினார். ஆகவே விதிப்படி அது ஃபிலிபஸ்டர் அல்ல. ஆனாலும் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் தர்மண்டைப் போலவே தன்னைத் தயார்செய்துகொண்டார். சில நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, முந்தைய இரவு முதல் தண்ணீரையும் நிறுத்தியிருந்தார். புக்கர் கறுப்பினத்தவர். தர்மண்டின் சாதனையை முறியடித்தபோது, அந்தப் பேச்சையும் மீறித்தான் நான் இங்கே நிற்கிறேன், அவர் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் மக்கள் அதைவிட வலிமையாக இருந்தார்கள் என்று அந்தச் சபையிலேயே சொன்னார்.

நன்றி, வணக்கம்.