வெறுங்கையோடு திரும்பும் ரோந்து

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் விளக்குக் கம்பங்களின் உச்சியிலும் மொட்டைமாடி விளிம்புகளிலும் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே மைக், ஜிபிஎஸ் கடிகாரம், செல்போன் இணைப்பு. தெருவில் துப்பாக்கி வெடித்தால், யாரும் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கும் முன்பே ரோந்துக் காரின் திரையில் ஒரு புள்ளி விழ வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தத் தொழிலில் பெரிய பெயர் ஷாட்ஸ்பாட்டர். 1996-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம், 2023-ல் சவுண்ட்திங்கிங் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சந்தா, ஒரு சதுர மைலுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 65,000 முதல் 90,000 டாலர். ஒரு நகரம் இதற்குப் பணம் கட்டலாமா?

கருவி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரே வேட்டு வெவ்வேறு மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். எங்கே சுட்டார்கள், எப்போது சுட்டார்கள், இரண்டுமே தெரியாது. நேர வித்தியாசம் மட்டும் கையில் இருக்கிறது. இரண்டு மைக்குகள் இருந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும், அதில் எந்த இடமாகவும் இருக்கலாம். மூன்றாவது மைக் கேட்டால்தான் கோடுகள் வெட்டிக்கொள்ளும். அப்போதும் சில சமயம் விடை இரண்டாக வரும்; நான்காவது மைக் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும். நிலநடுக்கத்தின் மையத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கின் நெருங்கிய உறவு இது. சதுர மைலுக்கு இப்படி 20 முதல் 25 பெட்டிகள், அதாவது சென்சார்கள் என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே முந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். நிறுவனம் சொல்லும் துல்லியம் 25 மீட்டர்.

கடிகாரத்தால் பெரிய பிழை வராது. ஒரு மில்லி வினாடி தவறினால் 34 சென்டிமீட்டர்தான். தொல்லை கொடுப்பவை சுவர்களும் காற்றும். நேர்வழியைக் கட்டடம் மறைத்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய எதிரொலி மட்டும் மைக்குக்கு எட்டினால், ஒலி 40 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கலாம். புள்ளி பக்கத்துத் தெருவுக்கு நகர்ந்துவிடும். வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 6 மீட்டர் மாறும். அரை கிலோமீட்டர் தூரத்தில் அது எட்டு, ஒன்பது மீட்டர் பிழை. கூரையின் கீழ் சுட்டாலோ சைலன்சர் மாட்டிச் சுட்டாலோ கருவிக்குப் பெரும்பாலும் கேட்காது.

இடம் கண்டுபிடிப்பதைவிடக் கடினம், அது துப்பாக்கிதானா என்று சொல்வது. பட்டாசு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் சத்தம் போடும். துப்பாக்கியின் சத்தம் குழல் நோக்கும் திசையில் அதிகம், பின்பக்கம் குறைவு. குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் முன்பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு ‘சடக்’ முதலில் கேட்கும். ஆனால் .45 கைத்துப்பாக்கியின் குண்டு பொதுவாக ஒலியைவிட மெதுவாகவே போகும், ஆகவே அந்தத் தடயம் இருக்காது. மென்பொருள் முதலில் வடிகட்டுகிறது. பிறகு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஹெட்போனில் கேட்டு, திரையில் அலைவடிவத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குள் முடிவு சொல்கிறார். அந்த ஒரு நிமிட முடிவை நம்பித்தான் ஆயுதம் ஏந்திய போலீஸ் பாய்ந்து போகிறது.

சர்ச்சையின் அடிவேர் ஒரு எண். நிறுவனம் 97 சதவீதம் சரி என்கிறது. அந்த எண் எப்படி வந்தது? தவறு என்று போலீஸ் புகார் செய்தவற்றைக் கழித்துவிட்டு, மிச்சமெல்லாம் சரி என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. ஒரு ரோந்துக்காரர் இரவு இரண்டு மணிக்குப் போகிறார், டார்ச் அடிக்கிறார், ஒன்றும் இல்லை. கோப்பை மூடிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவார். உட்கார்ந்து நிறுவனத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருப்பாரா? புகார் வராததால் அந்த எச்சரிக்கையும் ‘சரி’ என்ற பட்டியலில் ஏறிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் எண்களைப் பாருங்கள். சிகாகோ நகர நிர்வாகத்தைத் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021 ஆகஸ்ட்டில் தந்த அறிக்கையில், 2020 ஜனவரியிலிருந்து 2021 மே முடிய 50,176 எச்சரிக்கைகள். துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று கிடைத்தவை 4,556, அதாவது 9.1 சதவீதம். நியூயார்க்கில் நகரக் கணக்காயர் 2024 ஜூனில் வெளியிட்ட தணிக்கையின்படி, 2023 ஜூன் மாதம் போலீஸ் போய்ப் பார்த்த 940 எச்சரிக்கைகளில் துப்பாக்கிச் சூடு என்று உறுதியானது 13 சதவீதம்.

மீதி எல்லாம் பொய் எச்சரிக்கையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ரிவால்வர், சுட்ட தோட்டாவின் காலி உறையைக் கீழே போடாது. ஓடும் காரில் இருந்து சுட்டால் உறை காருக்குள்ளேயே விழலாம். புல், மழை, இருட்டு, பொறுக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்... ஒன்றும் கிடைக்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. 97 என்பதும் 9 என்பதும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். உண்மையில் எத்தனை வேட்டு வெடித்தது, அதில் கருவி எத்தனையைப் பிடித்தது? நகர மன்றத்துக்கு வேண்டியது இந்த விடை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைத் தானே கண்டுபிடிக்கலாம். செலவும் அதிகமில்லை.

வழி இதுதான். மணல் நிரப்பிய குண்டுத் தடுப்பை ஒரு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் 911 மையத்துக்கும் முன்கூட்டிச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு மட்டும் சொல்லாதீர்கள். குறுகிய சந்து, திறந்த மைதானம், உயரமான கட்டடங்களுக்கு இடைப்பட்ட தெரு என்று இடம் மாற்றி, பகலிலும் இரவிலும், இரண்டு மூன்று வகைத் துப்பாக்கியால் ஒற்றை வேட்டும் தொடர் வேட்டுமாகச் சுட வையுங்கள். அதே இடங்களில் பட்டாசும் ஆணி அடிக்கும் துப்பாக்கியும். பிறகு திரையில் விழுந்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். இன்னொரு சரிபார்ப்பு மருத்துவமனையில் இருக்கிறது: குண்டடி பட்டு வெளியிடத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை சம்பவத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது? கருவி தவறவிட்டது அப்போது தெரியும்.

வன்முறை குறையுமா என்றால், குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். 1999 முதல் 2016 வரை 68 பெரிய நகர்ப்புற மாவட்டங்களை எடுத்துப் பார்த்த ஆய்வு, துப்பாக்கிக் கொலையிலோ கைதுகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. கான்சாஸ் சிட்டியில் போலீஸ் விரைவாகப் போனது, தோட்டா உறைகள் கூடுதலாகக் கிடைத்தன. சுடப்படுகிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. சான் அந்தோனியோ நகரம் இந்தக் கருவியை 2017-ல் விட்டுவிட்டது. சிகாகோவில் 2024 செப்டம்பரில் நின்றது.

ஆனால் உறை கிடைப்பது சின்ன லாபம் இல்லை. ஒவ்வொரு உறையிலும் துப்பாக்கியின் ஊசி பதித்த தழும்பு இருக்கும். ஒரே ஆயுதம் மூன்று தெருக்களில் வெடித்ததை அது காட்டிக்கொடுக்கும். யாரும் அழைக்காத தெருவில் இரத்தம் ஒழுகக் கிடப்பவருக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆம்புலன்ஸ் போனாலும் பெரிய விஷயம். என் கருத்தில் இதை வாங்க நியாயமான காரணம் இந்த இரண்டு மட்டும்தான். அப்படியானால் எச்சரிக்கை போலீஸுக்குப் போகும் அதே நொடியில் ஆம்புலன்ஸ் மையத்துக்கும் போக வேண்டும். பல நகரங்கள் இதை மறந்துவிட்டு, ரோந்துக் காருக்கு மட்டும் கம்பி இழுத்துவைத்திருக்கின்றன.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய ஆபத்து இன்னொன்று உண்டு. சிகாகோ அறிக்கையே சொல்கிறது: ‘இந்தப் பகுதியில் அடிக்கடி எச்சரிக்கை வரும்’ என்பதையே காரணமாக எழுதி, சில அதிகாரிகள் ஆட்களை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். மைக் யாரையும் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டது. எச்சரிக்கை மட்டுமே சோதனைக்குக் காரணம் ஆகாது என்று போலீஸ் நடைமுறையில் எழுதிவையுங்கள். பேச்சுக்குரல் விஷயமும் அப்படித்தான். ஓக்லாந்தில் 2007-லும் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் 2011-லும் வேட்டோடு மனிதக் குரலும் பதிவாகி, வழக்குக்குப் போனது. சென்சாரில் தங்கும் ஒலி 30 மணி நேரத்தில் அழிய வேண்டும், எச்சரிக்கைக்கு முன்னும் பின்னும் சில வினாடி தவிர வேறெதுவும் வெளியே வரக்கூடாது, அந்த ஒலியைப் போட்டுக் கேட்டவர் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும்.

கடைசியாக, ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கம். எச்சரிக்கைத் தரவு முழுவதும் நகரத்தின் சொத்தா, நிறுவனத்தின் சொத்தா? வெளி ஆய்வாளருக்குக் கொடுக்க நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா? சந்தா முடிந்தால் கம்பத்தின் மேல் இருக்கும் பெட்டியை எத்தனை நாளில், யார் செலவில் இறக்குவது? இந்த மூன்று வரிகளும் இல்லாத தாளை நகர மன்ற உறுப்பினர்கள் திருப்பி அனுப்பலாம். வணக்கம்.