‘ஜாமீனில் வெளிவர முடியாத’ பிரிவா?

வணக்கம் நேயர்களே. "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவின் கீழ் வழக்குப்பதிவு." செய்திகளில் அடிக்கடி காதில் விழும் வரி இது. கேட்டதுமே, வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளை உள்ளேதான் என்று வீட்டில் இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வரியே தவறு. அப்படி வெளியே வர முடியாத பிரிவு என்று தனியாக ஒன்று கிடையாது.

சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஜாமீன் உரிமை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியவில்லையா? கைதானவரை வசதியற்றவர் என்று கருதி, அவர் எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரத்தின் பேரிலேயே விட வேண்டும். இரண்டாவது வகையில் ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் கையில். செய்தியில் ‘வெளிவர முடியாத’ என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். திரும்பவும் சொல்கிறேன், உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் கேட்கலாம், கிடைக்கவும் செய்யும்.

நீதிபதி எதைப் பார்ப்பார்? குற்றம் எவ்வளவு கடுமையானது, ஆள் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, தடயத்தை அழிப்பாரா, இவற்றைத்தான். அதனால் மனுவில் "இவர் நல்லவர்" என்று பத்தி பத்தியாக எழுதிப் பயனில்லை. நிலையான முகவரி, வேலை, குடும்பம், முன்வழக்கு இல்லாமை, இவற்றுக்குச் சான்று வையுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமென்றால் மாஜிஸ்திரேட் பொதுவாக விடமாட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் இருக்கிறது, அதற்கு மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஒரு இடத்தில் தள்ளுபடியானால் வழி அடைபட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடுத்தது, பலர் கோட்டை விடுகிற இடம். போலீசார் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய கடுமையான குற்றமென்றால் 90 நாள். அது தவறினால், ஜாமீன் அந்த நிமிடமே உரிமையாகிவிடுகிறது, குற்றம் எதுவானாலும். ஆனால் தானாகக் கிடைக்காது, மனுப் போட வேண்டும். நாட்களை எண்ணுவது கைதிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து. அந்த நாளும் கணக்கில் சேரும். 61ஆம் நாள், 90 நாள் கணக்கென்றால் 91ஆம் நாள், காலையிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். நீங்கள் மதியம் வரை தாமதித்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில தனிச் சட்டங்களில் இந்தக் கணக்கு மாறும், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்குகிறது. எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் கையில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். அல்ல. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. எஃப்.ஐ.ஆரில் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும்; அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லிப் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. அங்கேயும் நடக்கவில்லையென்றால், அந்த அட்டையையும் புகார் நகலையும் சேர்த்து மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.