அக்காவின் 180ம் 10ம்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, இன்னொரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் நமக்காக அரைமணி நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, இந்த மண்டபத்துக்குப் போன மாதம் புதுக் காற்றாடிகள் வாங்கிக் கொடுத்த வணிகப் பெருமகனார் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, காலையிலிருந்து பின்னால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் தாதியர்களே, பட்டர்வொர்த் வட்டாரப் பெரியோர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். போன ஆண்டு மகளிர் தலைவியை விட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் மருத்துவ அறிக்கையை நாமே புரிந்துகொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்கள். இரண்டு, மருந்துப் பையின் மேல் உள்ள எழுத்து. மூன்று, பழைய தாள்களைப் பத்திரப்படுத்துவது. மூன்றுக்கும் என் அம்மா சொல்லும் ஒரு பழமொழி போதும்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

என் அக்கா பிறையில் இருக்கிறார். இனிப்பு நீர்க்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனவர், அங்கே ஒரு லேப்பில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்தார். சர்க்கரை 180 என்று வந்தது. பயந்துபோய்க் கல்யாண வீட்டில் பாயசத்தைக்கூடத் தொடவில்லை. ஊர் திரும்பியதும் இங்கே ஒரு கிளினிக்கில் பார்த்தார். 10! டாக்டர் மலாயில் ஏதோ சொன்னாராம். அக்கா "ஓகே டாக்டர், ஓகே டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் லட்டுப் பெட்டியோடு நிற்கிறார். "தம்பி, தண்ணீர்மலை முருகன் கண்ணைத் திறந்துட்டான்டா. நூத்தியெண்பது இருந்தது, பத்துக்கு எறங்கிடுச்சு!" தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்குக்கூட லட்டு போனது. இரண்டு வாரம் அக்கா வீட்டில் தீபாவளிதான்.

கண்டுபிடித்தது பேத்தி. ஆறாம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, நம்பருக்குப் பின்னால எழுத்து வேற வேறயா இருக்கே" என்றாள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கேட்டு வந்தாள். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, நமக்கு மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண். லட்டுப் பெட்டி மூடியின் மேலேயே பெருக்கிக் காட்டினாள். பத்து பதினெட்டு நூற்றெண்பது. இம்மி இறங்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பால்குடம்?" என்றார்.

"ஏன்க்கா டாக்டரைக் கேட்கவில்லை?" என்றேன். "டாக்டரைப் போய்க் கேள்வி கேக்கறதா!" வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவளின் மகள் பேசுகிற பேச்சா இது?

சிரிக்கிறீர்கள். சரி, நம் அளவில் இனிப்பு நீர்க்காரருக்கு வெறும் வயிற்றில் பொதுவாக 4.4லிருந்து 7 வரை இருக்கவேண்டும் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கிளினிக்குக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது பாகற்காய் ஜூஸ் குடிப்பவர்கள் கை தூக்குங்கள். டத்தோ தூக்க வேண்டாம். எச்பிஏ1சி என்று ஒரு வரி இருக்கிறதே, அது முந்தைய இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அதனிடம் பாகற்காய் செல்லாது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மருத்துவத் தகவலைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் திறன் குறைந்தவர்கள் மூவரில் ஒருவர் என்றும் அதே ஆய்வு சொன்னது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மறைந்த தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் சீனியைக் குறையுங்கள் என்று எத்தனை காலம் தொண்டை வற்றச் சொன்னார்! நாம் கேட்டோமா?

இப்போது நான் எங்கே போகிறேன் என்று செயலாளருக்குத் தெரிந்துவிட்டது, முறைக்கிறார். அந்தப் பிள்ளை பாட்டிக்கு எந்த மொழியில் விளக்கினாள்? வாய் இருந்தால் மட்டும் போதுமா, வாய்க்குள் தமிழ் வேண்டாமா? தமிழ் தெரியாத பேரன் தாளைப் படித்துவிடுவான். பாட்டியிடம் என்ன சொல்வான்? "ஹை லா பாட்டி" என்பான். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டின் தமிழ்க்கல்வி தொடங்கியது. இன்று நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். முதலாம் ஆண்டில் பத்துப் பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாக ஏற வேண்டுமா? முதலாம் ஆண்டுப் பதிவு இணையத்தில்தான். தெரியாதவர்களுக்குத் தாதியர் மேசைக்கு அடுத்த மேசையில் செய்து தருகிறார்கள். ஒரு கையை ரத்த அழுத்தத்துக்குக் கொடுங்கள், மறு கையில் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இருக்கட்டும்.

இரண்டாவது, மருந்துப் பை. பையில் இரண்டு பெயர் இருக்கும்: கம்பெனி வைத்த பெயர், மருந்தின் பெயர். அரசாங்கக் கிளினிக்கில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று என்று வேறு வேறு கம்பெனிப் பெயரில் மெட்ஃபார்மின் என்ற ஒரே இனிப்பு நீர் மருந்தை இரட்டிப்பாக விழுங்குபவர்கள் உண்டு. புதுப் பை கையில் வந்ததும் பழைய பையைக் காட்டி "ரெண்டும் ஒன்றா?" என்று கேளுங்கள். வாயுள்ள பிள்ளை...

செயலாளர் சீட்டுக் கொடுத்துவிட்டார். டத்தோ அவர்கள் புறப்பட வேண்டும், பொன்னாடை காத்திருக்கிறது. மூன்றாவது விஷயம் அடுத்த ஆண்டு. அக்காவும் வந்திருக்கிறார், நான்காவது வரிசையில் பச்சைச் சேலை. லட்டு கேட்டுவிடாதீர்கள். வெளியே தேநீர் வைத்திருக்கிறார்கள், சீனி தனியாக இருக்கிறது.